இருபத்தைந்தில் ஒரு பங்கு

டெட்ராய்டுக்கு வடக்கே ட்ராய் என்றொரு ஊர். அங்கேதான் எனக்கு வேலை. பக்கவாட்டில் இடி வாங்கினால் கார்க் கதவு எவ்வளவு உள்ளே நசுங்கும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிற வேலை. 2011இல் சென்னையிலிருந்து வந்தேன். முதல் பனிக்காலத்தில் ஆபீஸ், அபார்ட்மெண்ட், இந்திய மளிகைக்கடை என்ற முக்கோணத்தைத் தாண்டி நான் போன ஒரே இடம் ஒரு ஹாபி ஷாப். சலவைக்கடைக்கும் பீட்சாக் கடைக்கும் நடுவில் ஒடுங்கி நின்றது. கார் மாடல்கள், விமான மாடல்கள், குட்டி ரயில் தண்டவாளங்கள், பெயிண்ட், பசை, பிளேடு. கதவைத் திறந்தால் தின்னர் வாசனையும் பழைய அட்டைப்பெட்டி வாசனையும் கலந்து வந்து முகத்தில் மோதும்.

2019 அக்டோபரில் அந்தக் கடையை மூடிவிட்டார்கள். அது எதனால் உண்டானது, எதனால் போனது என்று பல வருடங்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். போனதில் எனக்கும் ஒரு சின்னப் பங்கு இருக்கிறது. அதையும் சொல்லியாக வேண்டும்.

*

மாடல் கிட் பார்த்திராதவர்களுக்கு: பெட்டியைத் திறந்தால் உள்ளே கார் இருக்காது. முருங்கை ஈர்க்கில் இலை ஒட்டிக்கொண்டிருப்பதுபோல, ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் நூறுக்கும் மேற்பட்ட பாகங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். சட்டத்துக்கு ஸ்ப்ரூ என்று பெயர். இரண்டு பாதியாக எஞ்சின், நகத்தளவு ஸ்டியரிங், ஊசி மொத்தத்துக்கு எக்ஸாஸ்ட் குழாய். ஒவ்வொன்றையும் வெட்டியெடுத்து, பிசிறு நீக்கி, உப்புத்தாளால் தேய்த்து, பெயிண்ட் அடித்து, காயவைத்து, ஒட்ட வேண்டும். அமெரிக்கக் கார் கிட்டுகளில் பெரும்பாலானவை 1/25 அளவு. அதாவது 5 மீட்டர் நீளமுள்ள கார் 20 சென்டிமீட்டர் ஆகிவிடும். ஓர் உள்ளங்கையில் முழுதாக அடங்காது, இரண்டு கைகளில் ஏந்தலாம். பறவையைப் பிடிப்பதுபோலப் பிடிக்க வேண்டியிருக்கும்.

நான் வளர்ந்தது அம்பத்தூரில். தேய்ந்த ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டினால் சக்கரம், சைக்கிள் ஸ்போக்ஸ் அச்சாணி, தீப்பெட்டி இரண்டு சேர்த்தால் லாரி. அளவாவது, விகிதமாவது! ஓடினால் சரி. அதனால் முதல் கிட்டை வாங்கியபோது இது குழந்தைகள் விளையாட்டு, ஒரே ராத்திரியில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். 1957 செவ்ரொலெட் பெல் ஏர். முன்கண்ணாடியை சூப்பர் க்ளூ போட்டு ஒட்டினேன். காலையில் எழுந்து பார்த்தால் கண்ணாடி முழுக்க யாரோ மூச்சு விட்டதுபோல வெள்ளைப் புகை. துடைத்தும் போகவில்லை.

கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரருக்கு அப்போதே எழுபது வயதை நெருங்கியிருக்கும். கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளிக்கொண்டு காரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சூப்பர் க்ளூவோட ஆவி கண்ணாடில படிஞ்சுடும். இதுக்குப் பள்ளிக்கூடத்துப் பசங்க காகிதம் ஒட்டுற வெள்ளைப் பசை போதும். காஞ்சா தெரியாது" என்றார். பிறகு நான் கேட்காமலேயே நாலைந்து விஷயங்கள் சொன்னார். பாகங்களை முதலில் பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டுக் கழுவு, அச்சிலிருந்து சுலபமாகக் கழல எண்ணெய் பூசியிருப்பார்கள், அது இருந்தால் பெயிண்ட் நிற்காது. ஸ்ப்ரே டப்பாவைக் கொஞ்ச நேரம் வெதுவெதுப்பான தண்ணீரில் வை, தூறல் மென்மையாக விழும். பிரைமர் அடிக்காமல் லாக்கர் அடித்தால் பிளாஸ்டிக் வெடித்து, வறண்ட ஏரிபோல ஆகிவிடும். மாடல் சிமெண்ட் என்று விற்கிறார்களே, அது உண்மையில் பசையே இல்லை. இரண்டு பக்கத்துப் பாலிஸ்டைரீனையும் கரைத்து ஒன்றாக்கிவிடும். ஒட்டுவது அல்ல, வெல்டிங்.

இதெல்லாம் இன்று யூடியூபில் கிடைக்கும். ஆனால் கேட்கத் தெரிந்தால்தான் கிடைக்கும். எனக்கு என்ன தெரியாது என்பதே எனக்கு அன்று தெரியாது.

*

கடையின் பின்பக்கம் பழைய கிட்டுகளுக்கென்று ஓர் அலமாரி இருந்தது. வீடு காலி செய்கிறவர்கள், அப்பா இறந்துபோனவர்கள் கொண்டுவந்து கொடுத்தவை. அதிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துப் பார்த்தேன். ஏ.எம்.டி. என்ற கம்பெனி. ஓரத்தில் சின்ன எழுத்தில் அச்சிட்டிருந்தது: ட்ராய், மிச்சிகன். நான் தினமும் வேலைக்குப் போகிற ஊர்! இந்தக் கதைக்குள் நான் இழுபட்டது அந்த இடத்தில்தான்.

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் அமெரிக்காவில் காருக்குப் பெரும் பசி. டெட்ராய்டில் வழக்கறிஞராக இருந்த வெஸ்ட் கல்லோக்லி 1948இல் ஒரு கம்பெனி தொடங்கினார். பெயர் அலுமினியம் மாடல் டாய்ஸ், சுருக்கமாக ஏ.எம்.டி. ஃபோர்டு காரின் சின்ன அலுமினிய மாதிரியைச் செய்து, ஃபோர்டு பயன்படுத்திய அதே வண்ணத்தைப் பூசி, கார் விற்கும் டீலர்களுக்குக் கொடுத்தார்கள். சீக்கிரமே அலுமினியம் போய் பிளாஸ்டிக் வந்தது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இவற்றை 'ப்ரமோ' என்பார்கள். விளம்பர மாதிரி. அப்பாவோடு ஷோரூமுக்கு வரும் பையனின் கையில் டீலர் ஒன்றைக் கொடுப்பார். பையன் வீட்டுக்குப் போகும்வரை அதைப் பற்றியே பேசுவான்; அப்பா என்ன செய்வார்? புதுக் காரின் நிறத்தைக் காட்டவும் அது உதவியது. ஏ.எம்.டி., டெட்ராய்டின் ஜோ-ஹான், மில்வாக்கியின் ப்ராடக்ட் மினியேச்சர் என்று பல கம்பெனிகள் இதில் இறங்கின. அடுத்த வருடம் வரப்போகும் காரின் வரைபடங்களைக் கார்க் கம்பெனிகளே இவர்களுக்கு ரகசியமாகக் கொடுத்தன. காரும் மாதிரியும் ஒரே சமயத்தில் ஷோரூமுக்கு வர வேண்டும் அல்லவா?

ஆரம்பத்தில் பயன்படுத்திய பிளாஸ்டிக் செல்லுலோஸ் அசிடேட். நாளாக ஆக அது சுருங்கி வளையும். ஐம்பதுகளின் ப்ரமோ கார்கள் இன்று பல சேகரிப்புகளில் வெயிலில் வாடிய வெண்டைக்காய்போல முதுகு வளைந்து நிற்கின்றன. அறுபதுகளின் தொடக்கத்தில் அந்த இடத்தைப் பாலிஸ்டைரீன் பிடித்துக்கொண்டது.

1958இல் ஏ.எம்.டி. ஒரு காரியம் செய்தது. செய்து முடித்த மாதிரிக்குப் பதில் அதைப் பாகங்களாகவே பெட்டியில் போட்டு விற்றது. ஒரே பெட்டியில் மூன்று கார்கள் செய்யலாம்: கம்பெனியிலிருந்து வந்தபடி, அல்லது நம் இஷ்டத்துக்கு மாற்றிய கஸ்டம், அல்லது ரேஸ் கார். '3-இன்-1' என்று பெயர் வைத்தார்கள். அதற்கு முன்பும் கார் கிட்டுகள் இருந்தன. கலிஃபோர்னியாவின் ரெவெல் 1951இலேயே பழங்காலக் கார்களின் சிறு கிட்டுகளைக் கொண்டுவந்திருந்தது. ஆனால் அவை தாத்தா காலத்துக் கார்கள். ஏ.எம்.டி. கொடுத்தது தெருவில் அன்று ஓடிய கார், அதுவும் பையன் தன் விருப்பப்படி மாற்றக்கூடிய கார். பதினாறு வயதாகி லைசென்ஸ் வாங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கிட் ஒட்டும் வழக்கம் ஒரு தலைமுறையையே பிடித்துக்கொண்டது.

கார்க் கம்பெனிகளும் இதை விளையாட்டாக நினைக்கவில்லை. ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிஷர் பாடி பிரிவு 1930 முதல் 1968 வரை 'கிராஃப்ட்ஸ்மென்ஸ் கில்டு' என்று ஒரு போட்டி நடத்தியது. முதலில் நெப்போலியன் காலத்துக் குதிரை வண்டியின் மாதிரியைச் செய்யச் சொன்னார்கள். பிறகு பையன்கள் தாங்களே கற்பனை செய்த காரை 1/12 அளவில் செய்து அனுப்பினார்கள். பரிசு, கல்லூரிப் படிப்புக்கான உதவித்தொகை. 1947இல் வென்ற சக் ஜோர்டன் என்ற பையன் பின்னாளில் ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் துறைக்கே துணைத் தலைவர் ஆனார். பையன்கள் என்றுதான் சொல்ல முடியும்; பெண் பிள்ளைகளுக்கு அதில் இடமில்லை. நான் பார்த்த கடையிலும் ஐம்பது வருடம் கழித்து அந்த வாசனை மிச்சமிருந்தது. என் மனைவி ஒருமுறை உள்ளே வந்து, "ஏங்க, இங்க பொம்பளைங்க யாருமே வரமாட்டாங்களா?" என்று கேட்டாள். வருவதில்லை. அந்தக் கடைகள் சுருங்கியதற்கான காரணங்களில் அதையும் எழுதி வைக்க வேண்டும்.

*

2016 கோடையில் அப்பா வந்திருந்தார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் முப்பது வருடங்களுக்கு மேல் டை மேக்கராக இருந்தவர். வாளி, மூடி, பேனாக் குழாய் என்று பிளாஸ்டிக் சாமான்களுக்கு இரும்பு அச்சு வெட்டியவர். அமெரிக்காவில் அவருக்குச் செய்ய ஒன்றுமில்லை. காலையில் பால்கனி, மதியம் பால்கனி. ஒருநாள் நான் மேசையில் விட்டுவிட்டுப் போயிருந்த ஸ்ப்ரூவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க பார்றா, இதுதான் கேட், மால் இங்கேர்ந்து உள்ள போயிருக்கு. இந்த வட்டமா தெரியுது பாரு, எஜெக்டர் பின் தள்ளின இடம். மேல கீழ ரெண்டு பாதி சேர்ற கோடு இது. கிரில்ல இவ்ளோ மெல்லிசா... இத எவன்டா வெட்டினான்? கை வேலைடா இது."

நான் பன்னிரண்டு வயதுவரை அப்பாவின் பட்டறையில் விளையாடியவன்; பிறகு பொறியியல் படித்து, அவர் வேலையை 'பழசு' என்று ஒதுக்கியவன். அவர் இப்படி உற்சாகமாகப் பேசி நான் கேட்டது ரொம்ப வருடங்களுக்குப் பிறகு அன்றுதான்.

மறுநாள் கடைக்கு அழைத்துப்போனேன். அப்பாவுக்கு ஆங்கிலம் கொஞ்சம், கடைக்காரருக்குத் தமிழ் இல்லை. ஆனால் டை, கேவிட்டி, பார்ட்டிங் லைன் எல்லாம் இரண்டு பேருக்கும் ஒரே மொழிதானே? அப்பா ஒரு கிட்டின் கதவோரத்தில் இருந்த பிசிறை விரலால் தடவி, "டை தேஞ்சிருக்கு, அதான் மால் கசியுது" என்றார். நான் மொழிபெயர்த்தேன். கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "தேயாம என்ன செய்யும்? அந்த அச்சுக்கு உங்க பையனைவிட வயசு அதிகம்!"

அவர் விளக்கியது இதுதான். அறுபதுகளில் கம்ப்யூட்டர் இல்லை. முதலில் காரை மரத்தில் பெரிய அளவில் செதுக்குவார்கள். அதன் மேல் பேண்டோகிராஃப் இயந்திரத்தின் ஒரு முனை ஊர்ந்து போகும். மறுமுனையில் இருக்கும் வெட்டுக்கருவி அதே அசைவை 1/25 அளவுக்குச் சுருக்கி இரும்பில் வெட்டும். பிறகு மனிதர் உட்கார்ந்து எண்ணெய்க் கல்லும் எமரியும் வைத்து வாரக்கணக்கில் தேய்த்து மெருகேற்றுவார். "எங்க ஷாப்புலயும் ஒரு பேண்டோகிராஃப் இருந்துச்சு, எழுத்து வெட்டுறதுக்கு" என்றார் அப்பா. அன்று இருவரும் முக்கால் மணி நேரம் பேசினார்கள். நான் நடுவில் துபாஷி.

திரும்பி வரும்போது காரில் அப்பா சொன்னார்: "டை இருந்தா போதும்டா. கம்பெனி செத்தாலும் பொருள் சாகாது."

*

அப்பா சொன்னது பாதிதான் உண்மை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அன்றைய அமெரிக்கக் கார்கள் வருடந்தோறும் முகம் மாற்றும். விளக்கு மாறும், வால் மாறும், கிரில் மாறும். மாடல் கம்பெனிகள் ஒவ்வொரு வருடமும் புதிய அச்சு வெட்டவில்லை, கட்டுப்படியாகாது. இருந்த அச்சையே இங்கே வெட்டி, அங்கே நிரப்பி, அடுத்த வருடக் காராக மாற்றினார்கள். புதியது பிறக்கும்போதே பழையது போய்விட்டது. பிறகு ரேஸ் கார் மோகம் வந்தபோது அதே அச்சை மறுபடி வெட்டி ரேஸ் கார் ஆக்கினார்கள். அதனால்தான் சில வருடங்களின் கிட்டுகளை யாராலும் மறுபதிப்புச் செய்ய முடியவில்லை. ஓலைச்சுவடியைச் சுரண்டி மேலே வேறு எழுதியதுபோல. திருத்தாமல் தப்பிய அச்சுகள் மட்டும் அறுபது வருடம் கழித்தும் கார்களைத் துப்பிக்கொண்டிருக்கின்றன.

தலைகீழாகவும் நடந்திருக்கிறது. கிரைஸ்லர் கம்பெனி 1963இலிருந்து டர்பைன் எஞ்சின் வைத்த 50 கார்களைப் பொதுமக்களிடம் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னது. மூன்று மூன்று மாதமாக 203 பேர் ஓட்டினார்கள். சோதனை முடிந்ததும், முன்மாதிரிகளையும் சேர்த்து மொத்தம் இருந்த 55 கார்களில் 46ஐ அழித்துவிட்டார்கள். மிஞ்சியவை 9. ஆனால் ஜோ-ஹான் அந்தக் காருக்கு எஞ்சின் உட்பட ஒரு கிட் செய்திருந்தது. நிஜக் கார் நசுக்கப்பட்ட பிறகும் ஏதோ ஒரு வீட்டில் ஒரு பையன் அதன் டர்பைனை ஒட்டிக்கொண்டிருந்திருப்பான்.

*

இந்தக் கிட்டுகளெல்லாம் எங்கே விற்றன? ஹாபி ஷாப்பில் மட்டும் என்று நான் நினைத்திருந்தேன். இல்லை. மருந்துக்கடை, இரும்புக்கடை, வுல்வொர்த் போன்ற மலிவுவிலைக் கடைகள், எல்லா இடத்திலும். டெட்ராய்டின் சொந்த மலிவுவிலைக் கடை கிரெஸ்கி. அது 1962இல் மிச்சிகனின் கார்டன் சிட்டியில் முதல் கேமார்ட்டைத் திறந்தது. 1977இல் கம்பெனியின் பெயரே கேமார்ட் ஆனது. கேமார்ட்டின் தலைமையகமும் ட்ராயில்தான், பிக் பீவர் சாலையில். கிட் செய்த கம்பெனி, கிட்டை மலையாகக் குவித்து விற்ற கம்பெனி, இரண்டும் ஒரே ஊர்.

பெரிய கடையில் கிட் மலிவு. ஆனால் அங்கே வண்ணம் மூன்று, பிரஷ் இரண்டு. கண்ணாடி புகைத்துப்போனால் கேட்க ஆள் கிடையாது. முதல் கிட்டை அங்கே வாங்கியவன் மூன்றாவது கிட்டுக்குச் சின்னக் கடைக்கு வந்தான். ஆகவே பெரிய கடையும் சின்னக் கடையும் ஒரு விதத்தில் ஒன்றுக்கொன்று உதவின. பெரிய கடைகள் கிட் விற்பதைக் குறைத்தபோது சின்னக் கடைகளுக்குப் போட்டி ஒழிந்தது என்று மகிழ முடியவில்லை. புதுப் பையன்கள் வரும் வழியே அடைபட்டது. வுல்வொர்த் 1997இல் அமெரிக்காவில் மிச்சமிருந்த மலிவுவிலைக் கடைகளை மூடியது. 2018இல் டாய்ஸ் ஆர் அஸ் போனது. கேமார்ட்டின் தலைமையகம் பல வருடம் காலியாகக் கிடந்து, 2023இன் இறுதியில் இடிபடத் தொடங்கியது. நான் அந்தப் பக்கம் காரில் போகும்போதெல்லாம் கிரேன்களைப் பார்ப்பேன்.

இன்னொரு பக்கம் பசையின் கதை. அறுபதுகளில் பையன்கள் மாடல் சிமெண்டை முகர்ந்து போதை ஏற்றிக்கொள்கிறார்கள் என்று பெரிய பயம் கிளம்பியது. சில ஊர்களில் சட்டமே போட்டார்கள். டெஸ்டர்ஸ் கம்பெனி 1969இல் பசையில் கடுகின் காரமான எண்ணெய்ச் சத்தைச் சேர்த்தது. முகர்ந்தால் மூக்கு எரியும். பசை கல்லாவுக்குப் பின்னால் போனது. பன்னிரண்டு வயதுப் பையனைக் கடைக்காரர் சந்தேகமாகப் பார்க்க வேண்டி வந்தது. எழுபதுகளில் எண்ணெய் நெருக்கடி வந்து பிளாஸ்டிக் விலை ஏறியது. வீடியோ கேம் பிறகுதான் வந்தது. எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டுவது சுலபம், ஆனால் சரியல்ல.

ஏ.எம்.டி.யை 1978இல் மேட்ச்பாக்ஸ் கார்களின் லெஸ்னி கம்பெனி வாங்கியது. ட்ராயை விட்டு அது போயிற்று. அப்புறம் அயோவாவின் எர்ட்ல். இன்று இந்தியானாவின் ரவுண்ட் 2 கையில் இருக்கிறது, உற்பத்தி சீனாவில். ஒரு காலத்தில் வரைபடம் கொடுத்து, எங்கள் காரைச் செய்யுங்கள் என்று கேட்ட கார்க் கம்பெனிகள், பிற்பாடு தங்கள் பெயரையும் வடிவத்தையும் பயன்படுத்த உரிமத் தொகை கேட்டன. விளம்பரம் என்பது சொத்தாக மாறிவிட்டது. ஜப்பானில் டமியா வேறு விதமாகப் பிழைத்தது. போர்ஷே கிட் செய்வதற்காக ஷுன்சாகு டமியா ஒரு நிஜ போர்ஷே 911ஐ வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பார்த்தார். 1976இல் வந்த அந்த 1/12 கிட்டின் தொடர்ச்சியாகத்தான் அவர்களின் ரிமோட் கண்ட்ரோல் கார்கள் வந்தன. கடைக்காரரின் அலமாரிகளில் டமியா பெட்டிகள் வருடாவருடம் கூடிக்கொண்டே போயின. "என் கடையோட வாடகையை ஜப்பான்தான் கட்டுது" என்பார்.

*

இப்போது என் பங்கு.

2014 வாக்கில் ஒருநாள் கடையில் ஒரு கிட்டை எடுத்து விலை பார்த்தேன். அலமாரிக்குப் பின்னால் மறைந்துகொண்டு, போனில் பெட்டியைப் படம் பிடித்து இணையத்தில் தேடினேன். எட்டு டாலர் குறைவு. வீட்டுக்கே வந்துவிடும். பெட்டியை இருந்த இடத்தில் வைத்துவிட்டுத் திரும்பினால் அவர் அங்கே நிற்கிறார்.

"அங்க என்ன விலை?"

சொன்னேன். தலையை ஆட்டினார். கோபமில்லை. "மொத்த வியாபாரிகிட்ட நான் வாங்குற விலையே அதுக்குப் பக்கத்துல வரும்" என்றார். நான் கூச்சத்தில் ஒரு டப்பா பிரைமரும் ஒரு பாக்கெட் பிளேடும் வாங்கினேன். சிவப்பு அடிப்பதற்குக் கீழே எந்த நிற பிரைமர் போட வேண்டும் என்று கேட்டேன். பொறுமையாகச் சொன்னார். பிங்க் போட்டால் சிவப்பு துலங்கும், சாம்பல் போட்டால் மங்கும். அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், இணையத்தில் கிட்டை ஆர்டர் செய்தேன்.

அதோடு நிற்கவில்லை. அடுத்த ஐந்து வருடங்களில் நான் கட்டிய கார்களில் பாதிக்கு மேல் இணையத்தில் வாங்கியவை. கேள்விகள் மட்டும் எல்லாம் கடையில் கேட்டவை. என்னைப்போல எத்தனை பேர்! கிட் அலமாரியில் இரண்டு வருடம்கூடத் தூங்கும், பெயிண்டும் பசையும் பிளேடும்தான் கடையை ஓட்டும் என்று அவர் சொல்வார். நாங்கள் பிறகு பெயிண்டையும் கிட்டோடு சேர்த்து ஆர்டர் செய்யத் தொடங்கினோம். பதிலுக்கு அவர் எப்போதும் விலை வைத்ததில்லை. அதனால் அதை நாங்கள் திருடுகிறோம் என்றும் எங்களுக்குத் தோன்றியதில்லை.

2018 ஜனவரியில் ஹாப்பிக்கோ திவால் மனு கொடுத்தது. இலினாய்ஸ் கம்பெனி, 2007 முதல் ரெவெலை வைத்திருந்தது. உற்பத்தி மட்டுமல்ல, நாடு முழுக்க ஹாபி ஷாப்களுக்குச் சரக்கு அனுப்பிய மொத்த விநியோகஸ்தரும் அதுதான். ரெவெலை ஒரு ஜெர்மன் முதலீட்டு நிறுவனம் வாங்கிக் காப்பாற்றியது. அச்சுகள் தப்பின. கடைகளுக்குப் போன லாரி தப்பவில்லை. கடைக்காரர் வேறு வேறு மொத்த வியாபாரிகளுக்கு போன் போட்டுக்கொண்டிருந்ததை நான் அந்த வருடம் முழுக்கப் பார்த்தேன். அலமாரிகளில் இடைவெளி விழுந்தது. பெட்டிகளைப் பக்கவாட்டில் திருப்பி வைத்து இடத்தை நிரப்பினார்.

மூடும் விற்பனையின் கடைசி சனிக்கிழமை கூட்டம் அலைமோதியது. நான் அந்தக் கடையில் அவ்வளவு பேரைப் பார்த்ததேயில்லை. எல்லாம் பாதி விலை. "இவ்வளவு நாள் எங்க இருந்தீங்க எல்லாரும்?" என்று கல்லாவில் நின்று கேட்டார், சிரித்துக்கொண்டுதான். யாரும் பதில் சொல்லவில்லை. நானும்தான். என் முறை வந்தபோது கல்லாவுக்கடியிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து என் பையில் போட்டார். காகிதம் ஒட்டும் வெள்ளைப் பசை. "கண்ணாடிக்கு" என்றார். காசு வாங்கவில்லை. பிறகு, "உங்கப்பா எப்படி இருக்கார்? அச்சு வெட்டுறவர்?" என்று கேட்டார்.

ஆறு மாதத்தில் கொரோனா வந்தது. உலகமே வீட்டில் அடைந்துகிடந்தபோது மாடல் கிட்டுகளுக்குத் திடீர் கிராக்கி. இங்கிலாந்தில் ஏர்ஃபிக்ஸை வைத்திருக்கும் ஹார்ன்பி கம்பெனியின் விற்பனை கூடியது. நான் தேடிய கிட்டுகள் இணையத்தில் 'ஸ்டாக் இல்லை' என்று வந்தன. கொஞ்ச நாள் தாக்குப்பிடித்திருந்தால் அவர் கடை பிழைத்திருக்குமா? பூட்டிய கதவுக்கு முன்னால் எந்தக் கிராக்கியும் நிற்காது என்றும் தோன்றுகிறது. கணக்குப் போடுவது என் வேலை. இந்தக் கணக்கு மட்டும் எனக்கு வரவில்லை.

கிட்டுகள் அழியவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். இன்று கிடைக்கும் கிட்டுகள் நான் தொடங்கியபோது இருந்தவற்றைவிடத் துல்லியம். அச்சு போய்விட்ட பழைய கார்களை, மிச்சமிருக்கும் கிட்டுகளை முன்மாதிரியாக வைத்துப் புதிதாக வெட்டுகிறார்கள். அந்த அளவில் அப்பா சொன்னது சரி, பொருள் சாகவில்லை. ஆனால் கடை என்பது பொருள் இல்லை. ஒரு மனிதர் நாற்பது வருடமாக மற்றவர்கள் செய்த தப்புகளைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்துவைத்தது அது. அதற்கு யாரும் அச்சு வெட்டி வைக்கவில்லை.

2016இல் அப்பாவும் ஒரு கிட் தொடங்கினார். ஆறு மாத விசாவில் பாடியைத் தேய்த்தே மூன்று மாதம் ஓட்டினார். பார்ட்டிங் லைன் கண்ணுக்குத் தெரியவே கூடாது என்று பிடிவாதம். பெயிண்ட் அடித்தோம், கண்ணாடி மட்டும் பாக்கி. அடுத்த முறை வந்து ஒட்டுகிறேன் என்று போனார். இன்னும் வரவில்லை, முட்டி வலி, பதினெட்டு மணி நேர விமானம்.

ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது மறக்காமல் கேட்பார்: "அந்தக் கடைக்காரர் நல்லா இருக்காராடா?"

"நல்லா இருக்கார்ப்பா" என்பேன்.

கடையை மூடிய பிறகு அவர் எங்கே போனார் என்று எனக்குத் தெரியாது. கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. போன வாரமும் அப்பா கேட்டார். போன வாரமும் அதையேதான் சொன்னேன்.